சாவிக்கொத்து, சோடா, அப்பறம் சிபிஆர்: மாமா கேஸ முழுசா எழுதிப் பாக்கறேன்

போன வருஷம் ஆவணில ஒரு கல்யாணத்துல எங்க மாமா, அதாவது எங்கப்பாவோட தங்கச்சி வீட்டுக்காரரு, 61 வயசு, டிஃபன் பந்தில உக்காந்து சாப்ட்டுட்டு இருக்கும்போதே சாஞ்சிட்டாரு. நான்தான் நெஞ்ச அமுக்குனேன், சிபிஆர்ங்கறது அதான். ஆம்புலன்ஸ்ல நாடி திரும்ப வந்துச்சு, ஆஸ்பத்திரில நாலு நாள் இருந்தாரு, அஞ்சாம் நாள் காலைல போய்ட்டாரு. அப்பறம் கருமாதி அன்னைக்கு மாமாவோட தம்பி, நான் சின்ன மாமான்னு கூப்பிடறவரு, எல்லாரும் இருக்கும்போதே "இவன் அமுக்குன அமுக்குல மூணு விலா போயிருச்சு, அதுலதான் எங்கண்ணன் போயிட்டான்"னு சொல்லிப்போட்டாரு. நான் ஒண்ணும் பேசல. ஆனா அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அதுக்கப்பறம்தான் நடந்தத நிமிஷம் நிமிஷமா பிரிச்சுப் பாக்கணும்னு தோணுச்சு. மில்லுல ஒரு மோட்டார் எரிஞ்சா ஏன் எரிஞ்சதுன்னு ரிப்போர்ட் எழுதறோம், இதுக்கு எழுதக்கூடாதா.

நான் ஸ்பின்னிங் மில்லுல மெயின்டனன்ஸ் எலக்ட்ரீசியன். டாக்டரும் இல்ல நர்ஸும் இல்ல. ஃபேக்டரி சட்டம் 1948 ல 45 வது பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு (2025 நவம்பர்ல அந்தச் சட்டத்துக்குப் பதிலா புது தொகுப்பு வந்துருச்சு), 150 பேருக்கு ஒரு முதலுதவி பெட்டி வெக்கணும், அதுக்குப் பொறுப்பா சர்டிபிகேட் வாங்குன ஆள் ஒருத்தன் இருக்கணும்னு சொல்லுச்சு. எங்க டிபார்ட்மென்ட்ல அந்த ஆள் நான். ரெண்டு நாள் டிரெய்னிங், பொம்மை மேல அமுக்கிப் பழகுனது, அவ்ளோதான் என் தகுதி. அதுவும் நாலு வருஷம் முன்னாடி.

எனக்கு ரெண்டு சாட்சி கெடச்சுது. ஒண்ணு சாப்பாட்டு ஹால் சிசிடிவி, அதுல படம் இருக்கு சத்தம் இல்ல. இன்னொண்ணு வீடியோக்காரத் தம்பியோட கேமரா. அவன் பந்திய எடுத்துட்டே வந்துட்டு இருந்தான், மாமாகிட்ட வந்தப்ப அவரு "எலையக் காட்டாத கண்ணு, மூஞ்சியக் காட்டு"ன்னு சொல்றாரு, அடுத்த ஆறாவது செகண்ட்ல சாயறாரு. தம்பி பயந்துபோய் கேமராவ ஆஃப் பண்ணாம அப்படியே மேஜை மேல வெச்சிட்டு ஓடியாந்துட்டான். அதுல மிச்ச வீடியோ பூரா ஒரு வாழை இலை, பாதி கடிச்ச வடை, கொஞ்சம் சந்தகை (இடியாப்பம் மாதிரி). ஆனா சத்தம் 19 நிமிஷத்துக்கு முழுசா பதிவாகியிருக்கு. சிசிடிவி கடிகாரம் நாலு நிமிஷம் முந்தி ஓடுது, அதனால கடிகாரத்த நம்பாம அவரு சாஞ்ச செகண்ட 0 ன்னு வெச்சு ரெண்டையும் லேப்டாப்ல பக்கத்துல பக்கத்துல ஓடவிட்டு ஒரு நோட்டுல எழுதுனேன். மூணு ராத்திரி ஆச்சு.

என்னக் கேட்டா, அவரு விழுந்து அரை நிமிஷத்துல ஆரம்பிச்சிட்டேன்னு சத்தியம் பண்ணிச் சொல்லியிருப்பேன். கோயில்ல சூடம் அடிச்சுக்கூட சொல்லியிருப்பேன். வீடியோ சொல்றது 2 நிமிஷம் 48 செகண்ட்.

அந்த 2:48 ல என்னென்ன நடந்துச்சுன்னா, 0:00 ல மாமா பக்கத்து சேர்ல இருக்கறவரு தோள்ல சாயறாரு, அந்தாளு மாமா கிண்டல் பண்றாருன்னு நெனச்சு சிரிச்சுட்டே தள்றாரு. மாமா வழுக்கி மேஜைக்கும் சேருக்கும் நடுவுல விழறாரு. 0:04 ல கையும் காலும் வெட்டி இழுக்குது, ஒரு பதினஞ்சு செகண்ட். உடனே யாரோ "வலிப்பு வலிப்பு, இரும்பு குடுங்க"ன்னு கத்தறது கேமரால தெளிவா கேக்குது. 0:19 ல மண்டபம் மேனேஜர் இடுப்புலருந்து சாவிக்கொத்த உருவி மாமா கைல திணிச்சு விரல மடக்கிப் புடிக்கறாரு. பதினாலு சாவி, நடுவுல ஒரு பித்தளை வளையம். அவரு மேல தப்பில்ல, நம்ம ஊர்ல வலிப்புன்னா கைல இரும்புன்னுதான் நாம எல்லாருமே பாத்து வளந்திருக்கோம், நானே எட்டாவது படிக்கும்போது ஸ்கூல்ல ஒரு பையன் கைல காம்பஸ் பாக்ஸக் குடுத்திருக்கேன்.

வலிப்புக்கே அந்த இரும்பு ஒண்ணும் பண்ணாதுங்கறது தனி விஷயம். இங்க வந்தது வலிப்பே இல்ல. இதயம் திடீர்னு நின்னா மூளைக்கு ரத்தம் நின்னுபோகும், அந்த மொத சில செகண்ட்ல கை காலு வெட்டி இழுக்கறது நடக்கும், பாக்க அசல் வலிப்பு மாதிரியே இருக்கும். டிரெய்னிங்ல இத ஒரு வரில சொல்லியிருந்தாங்க. பொம்மை வெட்டி இழுக்காதில்ல, அதனால மனசுல நிக்கல.

0:45 ல மூஞ்சில தண்ணி. ஒரு சொம்பு இல்ல, மூணு சொம்பு. அப்பறம் சோடா தேடி ஒருத்தர் ஓடறாரு. 1:10 ல மூணு பேரு சேந்து அவரத் தூக்கி சேர்ல உக்கார வெக்கறாங்க, "காத்து வரட்டும், ஃபேனப் போடுங்க"ன்னு. கழுத்து ஒரு பக்கமாத் தொங்குது. நின்னுபோன இதயத்த வெச்சுக்கிட்டு ஆள நிமித்தி உக்கார வெக்கறதவிட மோசமான காரியம் இல்ல, ஆனா அந்த மூணு பேருமே பாசத்துலதான் பண்ணாங்க, ஒருத்தர் அழுதுட்டே பண்றாரு.

இப்ப என் பங்கு. இத எழுதத்தான் எனக்குக் கூசுது. 1:22 ல நான் கை கழுவற பக்கத்துலருந்து ஃப்ரேமுக்குள்ள வர்றேன். 2:31 வரைக்கும் நான் அங்கதான் நிக்கறேன், 69 செகண்ட். சர்டிபிகேட் வாங்குனவன். அந்த நேரத்துல நான் பண்ணது அவரு மணிக்கட்டப் புடிச்சு நாடி பாத்தது. துடிக்கற மாதிரி இருந்துச்சு, "நாடி இருக்கு, நாடி இருக்கு"ன்னு நான் சொல்றது ரெக்கார்ட் ஆகியிருக்கு. என் விரல்ல அடிச்சது என் நாடிதான். பதட்டத்துல நம்ம ரத்தமே விரல் நுனில மத்தளம் கொட்டும், அதனாலதான் பழக்கமில்லாதவன் நாடியத் தேடி நேரத்தப் போக்காத, ஆள் அசையறானா, ஒழுங்கா மூச்சு விடறானா, இந்த ரெண்ட மட்டும் பாருன்னு சொல்லித் தர்றாங்க. அதையும் சொல்லிக் குடுத்திருந்தாங்க.

என்னைய அதவிட ஏமாத்துனது அந்த மூச்சு. 1:31 ல ஒரு சத்தம், கொறட்டைக்கும் விக்கலுக்கும் நடுவுல, வாய் மீன் மாதிரி தெறந்து மூடுது. "மூச்சு இருக்கு!"ன்னு நாலு பேரு சொல்றாங்க, நானும் சொல்றேன். அடுத்தது 1:49 ல. அதுக்கடுத்தது 2:12 ல. 41 செகண்ட்ல மூணே மூணு. ஒரு மனுசன் சும்மா உக்காந்திருந்தா நிமிஷத்துக்கு 12 லருந்து 20 தடவ மூச்சு விடுவான். இது மூச்சில்ல, இழுப்பு. நுரையீரலுக்குக் காத்தே சரியாப் போகாது, மூளைத்தண்டு கடைசியாத் துடிக்கற துடிப்பு அது. வீட்ல சாவு பாத்த கெழவிங்களுக்கு அந்தச் சத்தம் நல்லாத் தெரியும், "இழுத்துக்கிட்டு கெடக்கு"ன்னு சொல்லுவாங்க. ஆனா திடீர்னு விழுந்தவன்கிட்ட அதே சத்தம் வந்தா நமக்கு அது நம்பிக்கையாத் தெரியுது. ஆள் அசையல, மூச்சு இந்த மாதிரி இழுவையா வருதுன்னா உடனே அமுக்க ஆரம்பிக்கணும். ஆரம்பிக்கச் சொல்ற அடையாளத்தையே நாங்க வேண்டாம்னு சொல்ற அடையாளமா எடுத்துக்கிட்டோம்.

என்னைய எழுப்புனது யாருன்னா பந்தில தண்ணி வெக்கற பையன், பத்தொம்பது இருபது வயசு இருக்கும், கேட்டரிங் டீமோட வந்தவன். "அண்ணா ஒதடு நீலமாவுது பாருங்கண்ணா." அவ்ளோதான் சொன்னான். 2:31 ல நான் "கீழ படுக்க வைங்க"ன்னு கத்தறேன், மேஜைய இழுத்துத் தள்ளிப் படுக்க வெச்சு 2:48 ல மொத அமுக்கு.

மொத அமுக்குலயே "கடக்"னு ஒரு சத்தம், கைக்குள்ள உணர்ந்தேன். பொம்மைலயும் சரியான ஆழத்துக்குப் போனா கிளிக்குனு கேக்கும், அது சந்தோஷமான சத்தம். இது அப்படி இல்ல, முறுக்க ஒடைச்ச மாதிரி. மூணு செகண்ட் கை நின்னுருச்சு, அது வீடியோல தெரியுது. அப்பறம் தொடர்ந்தேன். கீழ கிரானைட் தரை, மேல ஊத்துன தண்ணி, யாரோ தட்டிவிட்ட தேங்காப்பால், முட்டி வழுக்கிட்டே இருக்கு, வேட்டிய மடிச்சுக் கட்டக்கூட நேரமில்ல.

பெரியவங்களுக்கு நெஞ்சு நடு எலும்பு 5 செ.மீ. கீழ போகணும், 6 ஐத் தாண்டக்கூடாது. 5 செ.மீ.ன்னா கிட்டத்தட்ட ஒரு தீப்பெட்டி நீளம், ஒரு மனுசன் நெஞ்ச அவ்ளோ அமுக்கறது சாதாரணம் இல்ல, கை பலத்துல முடியாது, முழங்கைய மடக்காம உடம்பு பாரத்த எறக்கணும். அந்த ஆழத்துக்குப் போனா விலா எலும்பு விரிசல் விடறது ரொம்ப சகஜம், அதுவும் அறுபது தாண்டுனவங்களுக்கு. சின்ன மாமா சொன்ன மூணு விலாவும் உண்மைதான், ஸ்கேன்ல இருந்துச்சு, நான்தான் ஒடைச்சேன். ஒடையாம இருக்கணும்னு நான் பதமா அமுக்கியிருந்தா மாமா அந்த இலை முன்னாடியே முடிஞ்சிருப்பாரு.

அப்ப தப்பே பண்ணலையான்னா, பண்ணேன். சத்தமா எண்ணிட்டே அமுக்குனேன், அது ரெக்கார்ட்ல இருக்கறதால கணக்கு எடுக்க முடிஞ்சுது. மொத நிமிஷத்துல 15 செகண்டுக்கு 35. நிமிஷத்துக்கு 140. இருக்க வேண்டியது 100 லருந்து 120. வேகமாப் பண்ணா நல்லதுதானேன்னு தோணும், ஆனா பம்பு மாதிரி யோசிச்சுப் பாருங்க, அமுக்குனா ரத்தம் வெளிய போகுது, விட்டாத்தான் திரும்ப ரொம்புது. ரொம்ப விடாம மறுபடி அமுக்குனா காலி பம்ப ஓட்டற மாதிரி. நான் பாரத்த முழுசா எடுக்காம சாஞ்ச மேனிக்கே அமுக்கிட்டு இருந்திருக்கேன்.

இன்னொரு தப்பு, 3:40 ல "கண்ணு முழிக்கறாரு"ன்னு ஒரு குரல் வந்துச்சு, நிறுத்திட்டேன். 22 செகண்ட். கண்ணு தொறந்துதான் இருந்துச்சு, முழிக்கல. நடுவுல நிறுத்துனா 10 செகண்டத் தாண்டக்கூடாதுங்கறது கணக்கு, ஏன்னா ரத்த அழுத்தத்த மேல ஏத்தறதுக்குப் பத்துப் பதினஞ்சு அமுக்கு ஆகும், விட்டா சர்ர்னு எறங்கிரும்.

4:26 ல கெட்டி மேளம். கல்யாண ஹால் மாடில, சாப்பாடு கீழ. மாடில இருந்தவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, கல்யாணத்த நடத்தி வெக்கற அருமைக்காரர் தாலிய எடுத்துக் குடுத்திருப்பாரு, இங்க நான் 17, 18, 19 ன்னு எண்ணிட்டு இருக்கேன். அந்த எடத்துல என் எண்ணிக்க மேளத்துக்குள்ள முழுகிப்போகுது, இருபது செகண்டுக்கு ஒண்ணுமே கேக்கல. மூணு ராத்திரியும் அந்த எடத்த மட்டும் தாண்டி தாண்டி ஓட்டுனேன்.

5:20 ல ஒரு பொண்ணு பட்டுச்சேலையோட வந்து எதுக்க முட்டி போடறா. கல்யாணப் பொண்ணோட காலேஜ் சிநேகிதி, ஸ்டாஃப் நர்ஸாம். மாடிலருந்து தட்டு எடுக்க எறங்கி வந்திருக்கா. அவ சொன்னது அப்படியே இருக்கு: "அண்ணா வேகம் ஜாஸ்தி. நெஞ்சு மேல வர விடுங்க. வந்தப்பறம் அமுக்குங்க. நான் எண்றேன்." அதுக்கப்பறம் நிமிஷத்துக்கு 112 க்கு வந்துருச்சு. அவதான் வாயப் பாத்து ஒரு பக்கம் ஒதுங்கியிருந்த சந்தகைய விரல்ல எடுத்துப் போட்டா (பின்னாடி "சாப்பாடு தொண்டைல சிக்கி செத்தாரு"ன்னு ஒரு கதை ஓடுச்சு, அது இல்ல, தொண்டை காலியாத்தான் இருந்துச்சு). வாயில காத்து ஊதட்டுமான்னு நான் கேட்டேன், "வேண்டாம், அமுக்குறத நிறுத்தாதீங்க"ன்னுட்டா. டிரெய்னிங்ல 30 அமுக்கு, ரெண்டு ஊது. ஆனா 2017 ல நம்ம நாட்டு மயக்கமருந்து டாக்டருங்க சங்கம் பொதுமக்களுக்குன்னு கொண்டு வந்த முறைல ஊதறதே கிடையாது, வெறும் அமுக்கு மட்டும்தான். எனக்கு அது அப்பறந்தான் தெரிஞ்சுது. பெரியவங்க திடீர்னு விழும்போது ரத்தத்துல கொஞ்ச நேரத்துக்கு ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கும், அதச் சுத்தவிட ஆள் இல்லாததுதான் பிரச்சின. தண்ணில முழுகுனவங்க, கொழந்தைங்க கதை வேற.

ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா ஆள் மாறணும். நான் வீம்புக்கு "முடியும்"னு சொன்னேன், அவ என் கையத் தட்டிவிட்டுட்டு உக்காந்தா. மூணாவது ஆள் வேணும்னப்ப சுத்தி நின்ன அறுபது பேருல ஒருத்தரும் வரல, வந்தது அந்தத் தண்ணி வெக்கற பையன்தான். ஒரே நிமிஷத்துல சொல்லிக் குடுத்தா, உள்ளங்கை அடிய நெஞ்சு நடுவுல வை, மேல இன்னொரு கை, முழங்கை மடங்கக்கூடாது, எண்ணு. அவன் அமுக்குனது எங்க மூணு பேருல ரொம்ப ஒழுங்கா இருக்கு. சாப்பாட்டு அண்டா தூக்கற கை.

8:50 வாக்குல பெரிய தகராறு. "இப்படியே அமுக்கிட்டு இருந்தா எப்படி, கார்ல போட்டு ஓடிரலாம்"னு. ஆஸ்பத்திரி 11 கிலோமீட்டர். நாலு பேரு காலத் தூக்கிட்டாங்க, 31 செகண்ட் நின்னுபோச்சு. அந்தப் பொண்ணுதான் "கார் சீட்ல அமுக்க முடியாது, வழியிலயே போயிரும்"னு கத்துனா, ரெண்டு பெரியவங்க அவள மொறைச்சாங்க, நான் காலப் புடிச்சு கீழ எறக்குனேன். இதுல எனக்கு இன்னைக்கும் முழு தெளிவு இல்ல. மலைக்கிராமம், ஆம்புலன்ஸ் வரவே வராதுன்னா வேற என்ன பண்றது. ஆனா எங்களுக்கு 108 வந்துட்டு இருந்துச்சு, அப்ப காத்திருந்ததுதான் சரி.

வந்துட்டு இருந்துச்சுன்னு சொன்னனே, அதுலயும் ஒரு கூத்து. எல்லாரும் எல்லாரும் கூப்ட்டாச்சுன்னு நெனச்சுட்டு இருந்தோம். மேனேஜரோட போன வாங்கி கால் லாக் பாத்தேன், மொத கால் போனது 3:15 ல, அதுவும் அவரு தானா யோசிச்சு போட்டது. மூணு நிமிஷத்துக்கு மேல ஒருத்தரும் கூப்பிடல, அதே நேரத்துல சொந்தக்காரங்களுக்கு மட்டும் ஏழெட்டு போன் போயிருக்கு. "யாராச்சும் 108 க்கு அடிங்க"ன்னு நான் கத்துனது கேக்குது, யாராச்சும்னு சொன்னா யாரும் இல்லன்னுதான் அர்த்தம். செவப்புச் சட்ட, நீங்க அடிங்கன்னு கை நீட்டிச் சொல்லணும்.

வண்டி வாசலுக்கு வந்தது 15:40 க்கு. உள்ள வந்தது 17:10. நடுவுல ஒன்றரை நிமிஷம் என்னன்னா, வாசல்ல வாழைமரம் கட்டுன ஆர்ச், அதுக்குக் குறுக்க ரெண்டு கார், ஒண்ணு மாப்பிள்ளை கார், டிரைவர் சாப்ட உக்காந்திருந்தாரு. ஆம்புலன்ஸ்ல ஏஇடி, அதாவது நெஞ்சுக்கு ஷாக் குடுக்கற மெஷின் இருந்துச்சு. சட்டையக் கிழிச்சு, ஈரத்த துண்டுல தொடச்சு, ஒரு பேட வலது காறை எலும்புக்குக் கீழ, இன்னொண்ண இடது அக்குளுக்குக் கீழ ஒட்டுனாங்க, செயின பக்கத்துல ஒதுக்கிவிட்டாங்க. 18:30 ல மொத ஷாக். ரெண்டு நிமிஷம் அமுக்கி ரெண்டாவது ஷாக். அது கேமரால இல்ல, பேட்டரி தீந்துபோச்சு. ஆம்புலன்ஸ்ல வந்த ஈஎம்டி (அவசர சிகிச்சை பாக்கறவன்) தம்பி மாமா கழுத்துல விரல வெச்சுட்டு "வந்துருச்சு"ன்னு சொன்னது என் காதுல இருக்கு.

ஷாக் என்ன பண்ணுதுங்கறது எலக்ட்ரீசியனுக்குச் சுளுவா புரியும். த்ரீ ஃபேஸ் மோட்டார்ல ஒரு ஃபேஸ் போயிட்டா ஸ்டார்ட் ஆகாம உம்ம்னு ஹம்மிங் மட்டும் வரும், சுத்தாது, உள்ள கரண்ட் இருக்கும், வேலை நடக்காது. மாமா இதயம் அப்படித்தான் இருந்திருக்கு, நின்னே போகல, கண்டபடி துடிச்சு நடுங்கிட்டு இருந்துச்சு. ஷாக் அத ஒரு தடவ மொத்தமா ஆஃப் பண்ணுது, தானா ஒழுங்கா ஸ்டார்ட் ஆகட்டும்னு. நாங்க அமுக்குனது அது வர்ற வரைக்கும் கையால சுத்திவிட்ட மாதிரி. மாரடைப்புங்கறது பைப் அடைப்பு, இதயம் நிக்கறதுங்கறது கரண்ட் கோளாறு. அவருக்கு மொதல்லது வந்து ரெண்டாவது வந்திருக்கு. காலைல அஞ்சு மணிலருந்தே நெஞ்சு கரிக்குதுன்னு சொல்லிட்டு இருந்தாராம், வேர்த்துச்சாம், அத்தை ஓமத்தண்ணி குடுத்திருக்கு, அவரு வாயுத் தொல்லைதான்னு சொல்லி ரெண்டு மாத்திரை போட்டுட்டு பட்டுச்சட்ட போட்டுக் கிளம்பிட்டாரு. 2:48 ன்னு நான் அடிச்சுக்கறேன், அந்த ரெண்டரை மணி நேரத்துக்கு எந்த கேமராவும் இல்ல.

இன்னொரு விஷயம் இத எல்லாம் தேடிப் படிச்சப்ப தெரிஞ்சுது, எனக்கு ரொம்ப ஒட்டிக்கிச்சு. இந்த நெஞ்ச அமுக்கற முறைய மொதமொதல்ல ஊருக்குச் சொன்னவங்கள்ல மூத்தவரு டாக்டரே இல்ல, எலக்ட்ரிகல் இன்ஜினியர். வில்லியம் கோவன்ஹோவன், அமெரிக்கால ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல. லைன்மேனுங்க ஷாக் அடிச்சு சாகறத எப்படித் தடுக்கறதுன்னு கரண்ட் கம்பெனிங்க காசு குடுத்து ஆரம்பிச்ச ஆராய்ச்சி அது. 1958 ல அவருகிட்ட வேலை செஞ்ச நிக்கர்பாக்கர், நாய் மேல ஷாக் பேடல்ஸ அழுத்தி வெக்கும்போது கரண்ட் விடறதுக்கு முன்னாடியே ரத்த அழுத்தம் ஏர்றதப் பாத்திருக்காரு. அதப் புடிச்சு, ஜூட்ங்கற சர்ஜனும் சேந்து, 1960 ல 20 பேரோட கேஸ எழுதி வெளியிட்டாங்க, 14 பேரு பொழச்சிருந்தாங்க. ரெண்டு கை இருந்தா போதும், யாரும் எங்கயும் பண்ணலாம்னு அதுலயே சொல்லியிருக்காங்க. அந்த 20 பேரும் ஆஸ்பத்திரிக்குள்ள இருந்தவங்கங்கறதையும் சேத்துச் சொல்லணும், மண்டபத்துல விழறவனுக்கு அந்தக் கணக்கு வராது.

மாமாவுக்கும் வரல. ரத்தக்குழாய் அடைப்பத் தொறக்க ஸ்டென்ட் வெச்சாங்க, இதயம் ஓடுச்சு, மூளை எந்திரிக்கல. ரத்தம் இல்லாம நாலஞ்சு நிமிஷத்துலயே மூளைக்கு அடி விழ ஆரம்பிச்சிரும். எங்க கணக்குல 2:48 சுத்தமா ஒண்ணும் இல்ல, அப்பறம் 15 நிமிஷம் 42 செகண்ட்ல அங்கங்க நின்னது எல்லாம் சேத்து 2 நிமிஷம் 10 செகண்ட். நூத்துக்கு 86 நேரம் கை நெஞ்சுல இருந்திருக்கு, கொறஞ்சது 60 இருக்கணும்பாங்க, அந்த விதத்துல நாங்க மூணு பேரும் பாஸ்தான். ஆனா எவ்ளோ ஒழுங்கா அமுக்குனாலும் கையால போற ரத்தம் சாதாரணமாப் போறதுல கால்வாசி, மூணுல ஒரு பங்குதான். ஐசியூ டாக்டர்கிட்ட விலாவப் பத்தி நேராவே கேட்டேன். "விலாவுக்கு யாரும் சாகறதில்லப்பா, எவ்ளோ நேரம் கழிச்சு ஆரம்பிச்ச"ன்னு திருப்பிக் கேட்டாரு. அப்ப நான் சொன்ன பதில் அரை நிமிஷம்.

சின்ன மாமா போலீஸ்ல எழுதிக் குடுப்பேன்னு வேற சொன்னாரு, குடுக்கல. விசாரிச்சதுல, ரோட்ல அடிபட்டவனுக்கு ஒதவுனா பாதுகாப்புன்னு 2019 ல மோட்டார் வாகனச் சட்டத்துல 134ஏ ன்னு சேத்துனது மண்டபத்துக்கு வராது. ஆனா சம்மதம் கேக்க முடியாத நெலமைல இருக்கறவனுக்கு நல்ல எண்ணத்துல பண்றது குத்தம் இல்லன்னு பழைய இந்திய தண்டனைச் சட்டம் (ஐபிசி) 92 லயே இருந்துச்சு, இப்ப புது சட்டமான பாரதிய நியாய சன்ஹிதால 30 வது பிரிவு. பயந்துட்டு கை கட்டி நிக்கறவங்களுக்காக இத எழுதறேன்.

நோட்ட எடுத்துட்டு சின்ன மாமா வீட்டுக்குப் போனேன். கேமராச் சத்தத்தையும் போட்டுக் காட்டுனேன். அவரு ஒண்ணும் சொல்லல, அந்த "இரும்பு குடுங்க"ங்கற எடம் வந்தப்ப மட்டும் நிறுத்தச் சொன்னாரு. அந்தக் குரல் அவரோடது. எனக்கு அதுவரைக்கும் தெரியாது, சத்தியமாத் தெரியாது, தெரிஞ்சிருந்தா போட்டே காட்டியிருக்க மாட்டேன். அவங்க சம்சாரம் காபி கொண்டாந்து வெச்சுது, ரெண்டு பேரும் குடிச்சோம்.

சாவிக்கொத்து கதைய சொல்லாம விட்டுட்டேன். மாமா கைலயே ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருச்சு, அந்த விரல யாரும் பிரிக்கல. ஸ்டோர் ரூம் சாவி அதுலதான். மத்தியான விருந்துக்கு நெய் டின்னும் அப்பளமும் உள்ள, பூட்ட ஒடைச்சாங்களாம். மறுநாள் கிழிஞ்ச சட்ட, செயின், வாட்ச்சோட ஒரு கவர்ல போட்டுக் குடுத்தாங்க, நான் கொண்டுபோய் மேனேஜர்கிட்ட குடுத்தேன். அவரு அத இடுப்புல மாட்டல, மேஜைல வெச்சாரு.

இந்த மார்ச்ல மில்லுல பாதுகாப்பு வாரத்துக்கு என்னைய பேசச் சொன்னாங்க. பொம்மை இருக்கு, ஆழம் இருக்கு, எண்ணிக்க இருக்கு, அதெல்லாம் யாரு வேணா சொல்லிக் குடுக்கலாம். எனக்கு அந்த மூணு இழுப்புச் சத்தத்த போட்டுக் காட்டணும், 1:31, 1:49, 2:12. ஒரு தடவ காதுல வாங்குனவன் அத மூச்சுன்னு சொல்ல மாட்டான். அத்தைகிட்ட கேக்கப் போனேன். எப்படிக் கேக்கறதுன்னு தெரியாம திண்ணைல ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன், அப்பறம் கேட்டுட்டேன்.

அத்தை வெங்காயம் உரிச்சுட்டே கேட்டுச்சு. "அதுல உங்க மாமா பேசறதும் இருக்குதா?"

"இருக்குதுங்க அத்தை. எலையக் காட்டாதன்னு சொல்றது."

"அத எனக்குப் போட்டுக் குடு. மத்தத நீ காட்டறவங்களுக்குக் காட்டிக்கோ. பேரு சொல்லாத. மண்டபத்துப் பேரையும் சொல்லாத, அந்த மேனேஜர் பையன் பாவம், பூட்டு வேற ஒடைச்சுக்கிட்டான்."